ஜப்பானியப் பச்சைத் தேநீர்: வடிப்பதும் சுவைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சைத் தேநீர் என்றாலே கசக்கத்தானே செய்யும்?

கசக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நல்ல ஜப்பானியத் தேயிலையை உரிய சூட்டில் வடித்தால் முதல் கோப்பை நாக்கில் கனமாகப் படரும். இளம் இலையின் வாசம், மெல்லிய இனிப்பு, அதற்கு அடியில் உமாமி என்று ஜப்பானியர் சொல்லும், வாயில் நிறைந்து நிற்கும் சுவை. துவர்ப்பு கடைசியில் லேசாக வந்து வாயைச் சுத்தமாக்கிவிட்டுப் போகும்.

இலையில் உள்ள பொருள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் நீரில் இறங்குவதில்லை. சுவைக்குக் காரணமான தியானின் முதலிய அமினோ அமிலங்கள் வெதுவெதுப்பான நீரிலேயே தாராளமாக இறங்கும். துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டச்சின்களுக்கும், கசப்பான காஃபினுக்கும் அதைவிடச் சூடு வேண்டும். எனவே இலை ஒன்றாகவே இருந்தாலும் 60 டிகிரி நீரில் ஒரு தேநீரும் 95 டிகிரி நீரில் வேறொரு தேநீரும் கிடைக்கும். கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றிவிட்டு இலையைக் குறை சொல்வது நியாயமல்ல. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தின் நீட்சிதான்.

மற்ற நாட்டுப் பச்சைத் தேயிலையிலிருந்து இது எதில் வேறுபடுகிறது?

பறித்த கொழுந்தை அப்படியே விட்டால் அதிலுள்ள நொதிகள் வேலை செய்து இலை பழுப்பாகிவிடும். அதைத் தடுக்க உடனே சூடு காட்ட வேண்டும். சீனாவில் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுப்பார்கள். ஜப்பானில் நீராவியில் வேகவைப்பார்கள். ஆவி பட்ட இலையில் பச்சை நிறமும் பச்சை வாசமும் அப்படியே நிற்கும். வறுத்த இலையில் கடலை வறுத்தது போன்ற மணம் ஏறும். ஜப்பானிலும் கியூஷூ தீவின் உரேஷினோ போன்ற சில இடங்களில் சட்டியில் வறுக்கும் பழக்கம் தொடர்கிறது. கிடைத்தால் கட்டாயம் குடித்துப் பாருங்கள்.

ஆவியில் வெந்த இலையை உலர்த்திக்கொண்டே உருட்டிப் பிசைந்து, ஊசி போல மெல்லிய கரும்பச்சைக் குச்சிகளாக்குகிறார்கள். கியோட்டோவுக்கு அருகே உஜிதவாரா என்ற ஊரைச் சேர்ந்த நகதானி சோயென் 1738-இல் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார். அதற்கு முன் சாதாரண மக்கள் குடித்தது பழுப்பு நிறத் தேநீர். சோயென் தன் தேயிலையை எடோ நகருக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, எடுத்துச் சென்றார். வணிகர் யாமமோட்டோ கஹேய் அதை வாங்கி விற்றார். இன்று சென்ச்சா என்று நாம் வாங்குவது அந்த மரபில் வந்ததுதான்.

சென்ச்சா, கியோகுரோ, மாட்சா: மூன்றும் ஒரே செடியா?

ஒரே செடிதான். வேறுபாடு நிழலில் இருக்கிறது.

தேயிலைச் செடி தியானினை வேரில் உண்டாக்கிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. கொழுந்தின் மேல் வெயில் பட்டால் அந்தத் தியானின் கேட்டச்சினாக மாறத் தொடங்கும். அதாவது சுவை துவர்ப்பாகும். வெயிலை மறைத்துவிட்டால் இந்த மாற்றம் தடைப்படும். இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க இலை பச்சையத்தைக் கூட்டிக்கொண்டு கரும்பச்சையாகும். பறிப்பதற்கு முன் ஏறத்தாழ 20 நாள் பந்தலிட்டு மறைத்து வளர்ப்பது கியோகுரோ. அதைவிடக் குறைந்த நாள் மறைத்தால் கபுசேச்சா. திறந்த வெயிலில் வளர்வது சென்ச்சா. மாட்சாவுக்கும் நிழலில் வளர்ந்த இலைதான். ஆனால் அதை உருட்டாமல் உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கி, கல் திரிகையில் மாவாக அரைக்கிறார்கள்.

கியோகுரோ 1835-இல் உஜியில் பிறந்ததாகச் சொல்வார்கள். இன்று அதற்குப் பேர்போன இடங்கள் உஜியும், ஃபுகுவோகா மாநிலத்தின் யாமேயும். யாமேயில் வைக்கோல் பந்தலின் கீழ் வளர்த்துக் கையால் பறிக்கும் பழைய முறையை இன்னும் விடாமல் காக்கிறார்கள். நிழலில் வளர்ந்த இலைக்குக் கடற்பாசியை நினைவூட்டும் ஒரு தனி வாசம் உண்டு. முதல் முறை முகர்பவர்களுக்கு இது திகைப்பைத் தரலாம். அது கெட்டுப்போன வாசம் அல்ல. அதற்காகத்தான் அந்தத் தேயிலைக்கு அத்தனை விலை.

‘முதல் கொழுந்து’ என்று பெட்டியில் போட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டா?

உண்டு, மிகவும் உண்டு. ஜப்பானில் குளிர்காலம் முழுக்கச் செடி வளராமல் அடங்கிக் கிடக்கும். அப்போது சேர்த்துவைத்த ஊட்டமெல்லாம் வசந்தத்தின் முதல் துளிரில் வந்து இறங்கும். அதில் தியானின் மிகுதி. ஜூன் வாக்கில் வரும் இரண்டாம் பறிப்பு நல்ல வெயிலில் வேகமாக வளர்வது, துவர்ப்பு கூடியிருக்கும். அடுத்தடுத்த பறிப்புகளும் முற்றிய இலைகளும் அன்றாடக் குடிக்கான பன்ச்சாவாகின்றன.

வசந்தம் பிறப்பதாகக் கணக்கிடும் பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து எண்ணி, 88-ஆம் நாளில் கொழுந்து பறிப்பது ஜப்பானிய மரபு. அது மே மாதம் 1 அல்லது 2-ஆம் தேதியில் வரும். தெற்கே ககோஷிமாவில் அதற்கும் முன்பே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

எந்த ஆண்டு, எந்தப் பறிப்பு, எந்த ஊர், எந்தச் செடிவகை. இந்த நான்கையும் சொல்லும் விற்பனையாளரை நம்பலாம். ‘ஜப்பானியப் பச்சைத் தேயிலை’ என்று மட்டும் போட்டுப் பின்பக்கம் முழுக்க உடல் எடை பற்றிப் பேசும் பெட்டியை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

ஊரைப் பொறுத்தவரை, நெடுங்காலம் ஷிசுவோகாதான் உற்பத்தியில் முதலிடம். 2024-இல் ககோஷிமா அதை முந்தியது. உஜி என்ற பெயரை மட்டும் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்: கியோட்டோவில் இறுதிப் பக்குவம் செய்யப்பட்டிருந்தால், பக்கத்து மாநிலங்களான நாரா, ஷிகா, மியே ஆகியவற்றில் விளைந்த இலையும் உஜித் தேயிலை என்ற பெயரில் வரலாம். இது ஏமாற்று அல்ல. அங்குள்ள தேயிலை வணிகர்கள் வகுத்துக்கொண்ட வரையறை. தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

செடிவகைகளில் யாபுகிதாதான் எங்கும் பரவியது. ஷிசுவோகாவின் சுகியாமா ஹிகோசபுரோ 1908-இல் தேர்ந்தெடுத்த செடி அது. பனியைத் தாங்கும், நிறைய விளையும், சுவையும் மணமும் சமமாக இருக்கும். நாக்குக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் யாபுகிதாவில் தொடங்குவது சரி. துவர்ப்பு பிடிக்காதவர்களுக்கு சாயெமிதோரி. உஜியின் ‘கோகோ’ என்ற செடிவகைக்கு மணம் தனி. பல தோட்டத்து இலைகளைக் கலந்து விற்பதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். நல்ல கலவை செய்வது ஜப்பானில் பெரிய கைத்திறனாகப் போற்றப்படுகிறது.

எந்தத் தண்ணீர்?

இதைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். ஜப்பானின் குழாய்நீர் பெரும்பாலும் மென்னீர். அந்தத் தேயிலையும் அந்தத் தண்ணீருக்காகவே பக்குவப்படுத்தப்பட்டது. சென்னையின் பல பகுதிகளில் வரும் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரில் எவ்வளவு உயர்ந்த சென்ச்சாவும் மங்கலாகிவிடும். நிறம் பழுக்கும், மேலே ஏடு படியும், மணம் அமுங்கும். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அந்த நீரே போதும். தாது அறவே இல்லாத நீரில் தேநீர் சப்பென்று இருப்பதாகத் தோன்றினால், கடையில் விற்கும் தாதுக் குறைவான குடிநீரைக் கொஞ்சம் கலந்து பாருங்கள். குளோரின் வாடை உள்ள குழாய்நீரை மூடியைத் திறந்துவைத்துச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டால் வாடை போய்விடும்.

வெப்பமானி இல்லாமல் 70 டிகிரியை எப்படி அறிவது?

ஆற்றுவதற்கு நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொதித்த நீரைக் குளிர்ந்த பீங்கான் பாத்திரம் ஒன்றில் ஊற்றினால் சூடு ஏறக்குறைய 10 டிகிரி குறையும். அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் மறுபடி அதே அளவு. மூன்று முறை மாற்றினால் 70-ஐ ஒட்டி வந்துவிடும். ஜப்பானியர்கள் இதற்கென்றே யுசமாஷி என்ற மூக்கு வைத்த சிறு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். கோப்பையிலேயே ஊற்றி ஆறவிட்டால் இரட்டைப் பயன்: கோப்பையும் சூடாகும், தேவையான நீரின் அளவும் சரியாகத் தெரிந்துவிடும்.

தனிப் பானை வாங்கத்தான் வேண்டுமா?

தொடக்கத்தில் வேண்டாம். இரண்டு பீங்கான் கோப்பைகளும் கண் நெருக்கமான வடிகட்டியும் போதும். ஒன்றில் ஊறவைத்து மற்றதில் வடியுங்கள். பழகிய பின் பக்கவாட்டில் கைப்பிடி வைத்த கியூசு பானை ஒன்று வாங்குங்கள். ஒரு கையால் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை கவிழ்க்க அந்தக் கைப்பிடி வசதியாக இருக்கும். ஆய்ச்சி மாநிலத்தின் தொகோநாமே செம்மண் பானைகள் பெயர்பெற்றவை. கொள்ளளவு 200 மில்லி லிட்டருக்கு மேல் வேண்டாம். பெரிய பானையில் சிறிதளவு இலை போட்டால் சூடும் அளவும் கையில் நிற்காது. உருண்டைக் கூடு போன்ற வடிகட்டிக்குள் இலையைத் திணிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இலை விரிய இடம் வேண்டும்.

சென்ச்சா வடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஜப்பானில் உயர்ரகச் சென்ச்சாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, மூன்று பேருக்கு 6 கிராம் இலை, 170 மில்லி லிட்டர் நீர், 70 டிகிரி, 2 நிமிடம். ஆளுக்கு அரைக் கோப்பைக்கும் கொஞ்சம் மேலே வரும். குறைவாகத் தோன்றும். அந்த அடர்த்தியில்தான் இந்தத் தேநீர் தன்னைக் காட்டும் என்பதால் நீரைக் கூட்டாதீர்கள். ஒருவருக்கென்றால் 4 கிராம் இலைக்கு 100 மில்லி லிட்டர் நீரும் ஒன்றரை நிமிடமும் சரியாக இருக்கும். சமையலறைத் தராசு இருந்தால் எடை போடுங்கள். கரண்டி அளவு இலைக்கு இலை மாறும்.

பானையைச் சூடுநீரால் அலசிக் கொட்டிவிட்டு உலர்ந்த இலையைப் போடுங்கள். உடனே நீர் ஊற்றாமல் ஒரு தடவை முகருங்கள். பானையின் சூட்டில் இலை விடும் அந்த வாசம் பிறகு எந்தக் கட்டத்திலும் திரும்ப வராது. பிறகு ஆற்றிய நீரை மெதுவாக ஊற்றி, மூடி, பேசாமல் விடுங்கள். ஆட்டுவது, கலக்குவது, அழுத்துவது எல்லாம் துவர்ப்பை இழுத்து வெளியே கொண்டுவரும். இலை முக்கால்வாசி விரிந்ததும் வடிக்கத் தொடங்கலாம்.

வடிக்கும்போது கோப்பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக ஊற்றி, பின் கடைசிக் கோப்பையிலிருந்து முதலாவதற்குத் திரும்பி வாருங்கள். முதலில் விழுவது நீர்த்தும் பிறகு விழுவது அடர்த்தியாகவும் இருக்கும். இப்படி ஊற்றினால்தான் எல்லோருக்கும் ஒரே தேநீர் கிடைக்கும். பானையில் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கக் கூடாது. சுவை மிகத் திரண்டிருப்பது அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான். தவிரவும், உள்ளே தங்கும் நீர் இலையைத் தொடர்ந்து ஊறவைத்து இரண்டாம் வடிப்பைக் கெடுக்கும்.

இரண்டாம் வடிப்புக்கு இலை ஏற்கெனவே விரிந்திருப்பதால் 80 டிகிரி நீரில் 10 முதல் 15 நொடி போதும். மூன்றாவதற்கு இன்னும் சூடான நீர், அரை நிமிடம். முதலாவதில் உமாமி, இரண்டாவதில் சுறுசுறுப்பான துவர்ப்பு, மூன்றாவதில் தெளிந்த இலேசான கசப்பு. ஒரே இலையிலிருந்து மூன்று தேநீர். எனக்கு இரண்டாவதுதான் மிகப் பிடிக்கும். இனிப்பும் துவர்ப்பும் சமமாக நிற்பது அப்போதுதான்.

என் சென்ச்சா கலங்கலாக, அடர்பச்சையாக வருகிறது. தவறு எங்கே?

அநேகமாக எங்கும் இல்லை. ஃபுகாமுஷி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆவியில் வைத்த இலை அது. நொறுங்கித் தூளாகியிருக்கும், அதனால் கலங்கலாகவே இறங்கும். ஷிசுவோகாவின் மகினோஹரா, ககேகவா பக்கத்துச் சிறப்பு. இதற்கு 30 முதல் 45 நொடி மட்டும் கொடுங்கள். கடினநீரிலும் ஓரளவு தாக்குப்பிடிப்பது இந்த வகை.

கோப்பையின் மேலே மெல்லிய தூசி மிதந்தால் அதையும் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இளந்துளிரின் அடிப்பக்கத்து நுண்ணிய மயிர்கள் அவை. முற்றிய இலையில் இருக்காது.

கியோகுரோவுக்கும் இதே முறையா?

இல்லை. மூன்று பேருக்கு 10 கிராம் இலை, வெறும் 60 மில்லி லிட்டர் நீர், 50 டிகிரி, இரண்டரை நிமிடம். ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவுதான் கிடைக்கும். அதைத் தாகத்துக்குக் குடிக்க முடியாது. சொட்டுச் சொட்டாக நாக்கின் மேல் விட்டு, அது வாய் முழுக்கப் பரவும்வரை காத்திருங்கள். உமாமியை 1908-இல் ‘கொம்பு’ என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து அடையாளம் கண்டவர் வேதியியலாளர் இகேதா கிகுனாயே. அவர் பிரித்தெடுத்த குளூட்டமேட் தேயிலையிலும் இருக்கிறது. தேயிலைக்கே உரிய தியானின் 1949-இல் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது கியோகுரோ இலையிலிருந்துதான். ஒரு வாய் குடித்தால் ஏன் கியோகுரோவில் தேடினார்கள் என்பது புரிந்துவிடும்.

நான்கைந்து முறை வடித்த பின் அந்த இலையை எறியாதீர்கள். சில சொட்டு சோயா சாஸும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கீரை போலச் சாப்பிடலாம். ஜப்பானில் அப்படித்தான் செய்கிறார்கள்.

தேநீரைச் ‘சுவைக்க’ எப்படிப் பழகுவது?

ஒரு தேநீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் நாக்கு எதையும் கற்காது. இரண்டை ஒரே அளவில், ஒரே சூட்டில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். ஷிசுவோகா மலைப்பகுதிச் சென்ச்சாவும் ககோஷிமாச் சென்ச்சாவும் நல்ல ஜோடி. முன்னதில் மணமும் தெளிவும், பின்னதில் நிறமும் இனிப்பும் மேலோங்கி நிற்பதைப் பெரும்பாலும் காணலாம்.

வரிசை முக்கியம். உலர்ந்த இலையின் நிறத்தையும் பளபளப்பையும் பாருங்கள்; வெளிறிய மஞ்சள் தட்டினால் பழைய சரக்கு. பிறகு மணம். பிறகு ஒரு வாய் எடுத்து, ரசத்தை உறிஞ்சுவது போலச் சத்தத்துடன் காற்றோடு சேர்த்து இழுங்கள். மணத்தில் பாதி, விழுங்கிய பின் மூக்கு வழியே வெளிவரும் மூச்சில்தான் இருக்கிறது. நாக்கில் எடை இருக்கிறதா, துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, விழுங்கிய பிறகு இனிப்பு எவ்வளவு நேரம் தொண்டையில் நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல இலையின் அடையாளம் இந்தக் கடைசி விஷயத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். காரசாரமான சாப்பாட்டுக்குப் பின் இதையெல்லாம் முயல வேண்டாம். காலை 11 மணி போன்ற நேரம் நல்லது.

தொழில்முறைச் சுவைஞர்கள் செய்வது நேர் எதிர். 3 கிராம் இலையை வெள்ளைக் கிண்ணத்தில் போட்டுக் கொதிநீரை ஊற்றுகிறார்கள். வலைக் கரண்டியால் இலையைத் தூக்கி முகர்கிறார்கள். இலையின் குறையை வெளியே கொண்டுவருவதுதான் அவர்கள் நோக்கம். வெதுவெதுப்பான நீர் குறைகளை மறைத்துவிடும். நீங்களும் புதிதாக வாங்கிய இலையை ஒரு முறை இப்படிச் சோதிக்கலாம். கொதிநீரிலும் இனிப்பு எட்டிப்பார்த்தால் அது உண்மையிலேயே உயர்ந்த இலை.

தேநீரை நாக்கால் அடையாளம் காண்பது 14-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் பந்தயம் கட்டி ஆடும் விளையாட்டாகவே இருந்தது. கியோட்டோவின் தொகானோவில் விளைந்ததே ‘உண்மைத் தேநீர்’. மற்ற ஊர்த் தேநீர்களிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பால், சர்க்கரை, தேன்?

நல்ல இலைக்கு எதுவும் வேண்டாம். இனிப்பு வேண்டுமென்றால் தேநீருக்கு முன் ஒரு துண்டு இனிப்பைச் சாப்பிடுங்கள். ஜப்பானியர் இனிப்பு பயற்று விழுதில் செய்த பலகாரத்தைச் சாப்பிடுவார்கள்.

வெயில் காலத்துக்கு ஏற்றதாக ஏதாவது?

குளிர்நீர் வடிப்பு. ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் 10 முதல் 15 கிராம் சென்ச்சாவைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று முதல் ஆறு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். கசப்பு மிகக் குறைவாக இறங்கும். பச்சைத் தேநீர் பிடிக்காது என்பவர்களை மாற்றும் வடிப்பு இது. அன்றே குடித்து முடித்துவிடுங்கள். கியோகுரோ என்றால் இலையின் மேல் பனிக்கட்டிகளை அடுக்கிவிட்டு, அவை உருகும்வரை காத்திருந்து வடியுங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

பிரித்த பின் ஒரு மாதம். ஈரம், வெளிச்சம், சூடு, அடுத்த பொருளின் வாசம் நான்கும் இதற்குப் பகை. நம் ஊர்ப் புழுக்கத்தில் மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே வாரத்தில் மணம் போகும். சிறு பொட்டலங்களாக வாங்குங்கள். பிரிக்காத பொட்டலத்தை உறைபெட்டியில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்ததும் பிரித்துவிடாமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். இல்லையேல் காற்றிலுள்ள ஈரம் இலையில் படியும்.

பழசாகிப்போனதை எறிய வேண்டாம். வாணலியில் மிதமான தீயில் பழுப்பாகும்வரை வறுத்தால் வீட்டு ஹோஜிச்சா தயார். அதற்குக் கொதிநீரையே தாராளமாக ஊற்றலாம்.

எடை குறையுமா? தூக்கம் கெடுமா?

எடைக்காக இதைக் குடிக்காதீர்கள். தூக்கத்தைப் பற்றிய கவலை நியாயமானது. ஜப்பானிய உணவுச் சத்து அட்டவணையின்படி 100 மில்லி லிட்டரில் காஃபின் சென்ச்சாவில் 20 மில்லிகிராம், காப்பியில் 60, கியோகுரோவில் 160. கியோகுரோவைக் குடிப்பது சில வாய்தான் என்றாலும் மாலைக்கு மேல் வேண்டாம். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. தேநீர், காய்கறி உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

முதல் முறை வாங்குகிறேன். எதில் தொடங்கலாம்?

50 கிராம் முதல் கொழுந்துச் சென்ச்சா, யாபுகிதா, ஷிசுவோகா. கியோகுரோ பிறகு. பொட்டலத்தைப் பிரித்த அன்று 50, 70, 90 டிகிரி என மூன்று கோப்பைகளை ஒரே அளவில், ஒரே நேரம் ஊறவைத்து வரிசையாகக் குடித்துப் பாருங்கள். எந்தச் சூடு உங்கள் நாக்குக்குப் பிடிக்கிறதோ அதைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிவைத்து, அடுத்த நாள் அதிலிருந்து ஐந்து டிகிரி ஏற்றியோ இறக்கியோ வடியுங்கள்.